ஓடம் வண்டி ஏறிய நாள்

ஓடமும் ஒரு நாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒரு நாள் ஓடத்தில் ஏறும் என்பது நம்மவர் நாவில் அடிக்கடி வழங்கும் பழமொழி. தாழ்ந்தவன் உயர்வதும் உயர்ந்தவன் தாழ்வதும் உலக இயல்பு என்று அதற்குப் பொருள் கூறுவர். நானும் நெடுநாள் அவ்வாறே எண்ணியிருந்தேன். ஆனால் ஓடத்தை மெய்யாகவே வண்டியின் பின்னே பூட்டிச் சென்று, வழியில் அதனைக் கால்வாயில் சாய்த்தவன் என்ற முறையில், அப்பழமொழிக்கு வேறொரு பொருளும் உண்டென்று இன்று சொல்லத் துணிகிறேன். ஓடம் வண்டியேறும் போது அதன் பாரத்தை வண்டி தாங்குமா என்று கேட்க ஒருவன் வேண்டும். அக்கேள்வியைக் கேட்க வேண்டியவன் நான். நான் கேட்கவில்லை.

ரெம்பாவ் வட்டாரத்துத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்தவன் நான். என் பாட்டனார் அத்தோட்டத்தில் மாட்டு வண்டி ஓட்டினார். தந்தையார் லோரி ஓட்டினார். நான் பிக்கப் வண்டி ஓட்டுகிறேன். மூன்று தலைமுறையாகப் பிறர் பாரத்தை இழுத்தே பிழைத்த குடும்பம் எங்களுடையது. ஆகவே பாரம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது என்று நான் தப்பித்துக்கொள்ள வழியில்லை.

2017-ஆம் ஆண்டில், எனக்கு வேலை கொடுத்திருந்த முதலாளி ஒரு மீன்பிடி படகு வாங்கினார். அவரும் தோட்டத்தில் பிறந்து தம் உழைப்பால் முன்னேறியவரே. படகு 24 அடி நீளம். கண்ணாடி நாரிழையால் ஆனது. அதன் பின்புறத்தில் 200 குதிரைத்திறன் உள்ள இயந்திரம். இரண்டு அச்சுகள் கொண்ட பின்வண்டி ஒன்றின்மேல் அது வீற்றிருந்தது. அதனைப் பெடாஸ், லிங்கி வழியாகப் போர்ட் டிக்சன் கடற்கரைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

"தம்பி, நம் பிக்கப் இழுக்குமல்லவா? ஒன்றரை டன்தான் இருக்கும்," என்றார் முதலாளி.

"இழுக்கும் முதலாளி," என்றேன்.

பார்த்த மாத்திரத்திலேயே அது ஒன்றரை டன் அன்று என்பது என் மனத்துக்குப் பட்டது. பின்வண்டிக்குத் தனியே பிரேக் இல்லை என்பதையும் கண்டேன். ஆயினும் வாய் 'இழுக்கும்' என்றே சொல்லிற்று. வண்டிச் சக்கரத்தின் கீழ் ஓர் எலுமிச்சம்பழம் வைத்தார்கள், சூடம் கொளுத்தினார்கள், நல்ல நேரம் பார்த்தார்கள். எடை பார்க்க வேண்டும் என்று மட்டும் அங்கே நின்ற பத்துப் பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றிய எனக்கோ வாய் திறக்கவில்லை.

புறப்படும் போது எல்லாம் இன்பமாகவே இருந்தது. டீசல் இயந்திரம் முனகாமல் இழுத்தது. என் தங்கை மகன், அப்போது பதினேழு வயதுப் பையன், பக்கத்தில் அமர்ந்து பாட்டுப் பாடிக்கொண்டு வந்தான். இழுவை இவ்வளவு எளிதாக இருக்கிறதே என்ற மமதையில் வேகத்தை 80 கிலோமீட்டருக்கு ஏற்றினேன். பெடாசைக் கடந்து, செம்பனைத் தோட்டங்களின் நடுவே ஓர் இறக்கம் வந்தது. அங்கேதான் படகு தன் சுபாவத்தைக் காட்டிற்று. முதலில் பின்புறம் மெல்ல ஆடியது. பிறகு அந்த ஆட்டம் பிக்கப்பின் உடலையே இடமும் வலமுமாக அசைத்தது. அச்சத்தில் பிரேக்கை அழுத்தி மிதித்தேன். அது பெரும் பிழை. முன்னே நான் நிற்க முயல, பின்னே படகு நிற்க மறுத்து என்னைத் தள்ளிற்று. வண்டி மடக்குக் கத்தியைப் போல் மடங்கியது. எதிரே மோட்டார் சைக்கிளில் வந்த பள்ளி மாணவன் ஒருவன் புல்தரையில் இறங்கிப் பிழைத்தான். படகு கால்வாயில் சாய்ந்தது. என் தங்கை மகனின் வலக்கை முறிந்தது.

அன்றிரவு மருத்துவமனை வாயிலில் என் தங்கை என்னை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. "அண்ணே, உனக்குத் தெரியாமலா போயிற்று?" என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்வி இன்றும் என்னை விட்டபாடில்லை.

படகு பழுது பார்க்கப்பட்ட பிறகு, உண்மையை அறிந்தே தீர்வதென்று ஒரு காரியம் செய்தேன். அன்று இருந்த பொருள்களை அன்று இருந்த இடங்களிலேயே மீண்டும் வைத்து, மெதுவாக இழுத்துச் சென்று, செம்பனை ஆலையின் எடைமேடையில் நிறுத்தினேன். படகும் பின்வண்டியும் சேர்ந்து 2,740 கிலோ! இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. படகின் விலைத்தாளில் காணும் எடை பெரும்பாலும் வெறும் உடலின் எடையே. இயந்திரம் மட்டும் 200 கிலோவுக்கு மேல். 300 லிட்டர் பெட்ரோல் 220 கிலோவுக்குக் குறையாது. பனிக்கட்டிப் பெட்டி, நங்கூரம், மின்கலம், பின்வண்டியின் இரும்பு ஆகியவற்றை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. மயிலிறகேயானாலும் அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் எச்சரித்தார். நாங்கள் ஏற்றியது மயிலிறகும் அன்று.

இத்தரத்துப் பிக்கப் வண்டிகள் பலவற்றுக்கு 3,500 கிலோ வரை இழுக்கும் ஆற்றல் உண்டென்று விளம்பரங்கள் முழங்குகின்றன. அது பொய்யன்று; ஆனால் பாதி மெய். அவ்வெண் தனக்கெனப் பிரேக் உள்ள பின்வண்டிக்கே உரியது. பிரேக் இல்லாததற்குப் பொதுவாகக் கூறப்படும் எல்லை 750 கிலோதான். நான் இழுத்ததோ அதைப்போல் மூன்றரை மடங்குக்கு மேல். மேலும், பிக்கப், அதில் ஏறிய ஆட்கள், சாமான், பின்வண்டி யாவும் கூடிய மொத்த எடைக்கும் தனியே ஓர் எல்லை உண்டு. வண்டியின் கையேட்டில் அது அச்சிடப்பட்டிருக்கும். கையேட்டைத் திறந்து பார்ப்பவர் நம்மில் எத்தனை பேர்?

அடுத்து, கொக்கியின்மேல் அழுந்தும் பாரத்தை நிறுத்துப் பார்த்தேன். பின்வண்டியின் மொத்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு அங்கே அழுந்த வேண்டும் என்பர். 270 கிலோ இருக்க வேண்டிய இடத்தில் 80 கிலோவே இருந்தது. பனிக்கட்டிப் பெட்டிகளையும் எண்ணெய்க் கலன்களையும் படகின் பின்மூலையில் அடுக்கியதன் பலன் அது. பின்பாரம் மிகுந்தால் பின்வண்டி வால் போல் ஆடும். வேகம் கூடக் கூட ஆட்டமும் பெருகும். அப்போது காலை முடுக்கியிலிருந்து எடுத்து, கைச்சக்கரத்தை நேராகப் பிடித்து, வேகம் தானே தணியும்படி விட வேண்டும்.

இதைக் கண்டபோது என் பாட்டனாரின் நினைவு வந்து என்னை வெட்கப்படுத்தியது. மூட்டைகளை வண்டியில் அடுக்கிய பின் அவர் நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்ப்பார். "முன்பாரம் மிகுந்தால் மாட்டின் கழுத்து புண்ணாகும்; பின்பாரம் மிகுந்தால் நுகம் மேலெழும்பிக் கயிறு கழுத்தை நெரிக்கும்" என்பார். எழுதப் படிக்கத் தெரியாத அக்கிழவர் ஒரு கையால் அறிந்த விஷயத்தை, நான் ஒரு பையனின் கையை முறித்தல்லவா அறிந்தேன்!

படகைத் தரையில் இழுப்பது இம்மண்ணுக்குப் புதிதன்று. இதே நெகிரி செம்பிலானில், ஜெம்போல் ஆற்றுக்கும் செர்த்திங் ஆற்றுக்கும் இடையே பண்டைக் காலத்தில் படகுகளைத் தரைமீது இழுத்துச் சென்றார்கள். மூவார் ஆற்று வழியாக மேற்கிலிருந்து வந்தவர்கள் அவ்வாறே பகாங் ஆற்றுப் பக்கம் இறங்கிக் கிழக்குக் கடலை அடைந்தனர். 'தாரிக்' என்றால் மலாயில் இழுத்தல். ஆகவே அப்பாதைக்குப் 'பெனாரிக்கான்' என்றே பெயர். நம் நாட்டுத் தேரையும் எண்ணிப் பாருங்கள். வடம் பிடிப்போர் ஆயிரவர். ஊர் கொண்டாடுவதும் அவர்களையே. ஆனால் சக்கரத்தின் கீழ் முட்டுக்கட்டை போடுபவன் ஒரு கணம் அயர்ந்தால் கொண்டாட்டம் அழுகையாகிவிடும். இழுக்கும் வலிமையைப் புகழ்ந்து, நிறுத்தும் வலிமையை மறப்பது நம்முடைய பழைய நோய்.

அதனினும் பழைய நோய் ஒன்று எனக்கு இருந்தது. "ஆகட்டும் துரை" என்று சொல்லிச் சொல்லித் தேய்ந்த நாக்கு எங்கள் லயத்து நாக்கு. துரை போய்விட்டார், தோட்டம் பல கை மாறிவிட்டது, நாக்கு மட்டும் மாறவில்லை. 'முடியாது' என்ற சொல்லை நன்றிகெட்டவனின் சொல்லாகவே நாங்கள் கற்றோம்.

சில மாதங்களுக்குப் பின் முதலாளி மறுபடியும் அழைத்தார். பின்வண்டிக்கு இன்னும் பிரேக் பொருத்தப்படவில்லை. "முடியாது முதலாளி, பிரேக் போட்டுத் தாருங்கள், வருகிறேன்," என்றேன். குரல் நடுங்கியது உண்மை. அவர் முகம் சிவந்தது. "வண்டி ஓட்ட உன்னை விட்டால் ஆளில்லையா?" என்று சொல்லி, பக்கத்துத் தோட்டத்து ஓட்டுநர் ஒருவரை அழைத்தார். அவரிடம் எடைச்சீட்டைக் காட்டி நான் முன்னமே பேசியிருந்தேன். அவரும் அதையே சொன்னார். இரண்டு வாரத்தில் பின்வண்டிக்குப் பிரேக் வந்தது.

இம்முறை எடை பார்த்தோம். கனத்த பொருள்களை முன்னே நகர்த்தினோம். எண்ணெயைப் போர்ட் டிக்சனில் நிரப்பிக்கொள்வதென்று முடிவு செய்தோம். கொக்கியின் கீழ்ப் பாதுகாப்புச் சங்கிலிகளைக் குறுக்காகப் பூட்டினோம். 60 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டவில்லை. இறக்கங்களில் தாழ்ந்த கியரில் இறங்கினோம். கடற்கரைச் சரிவை அடைந்ததும் சக்கரங்கள் சூடு தணியும்வரை காத்திருந்தோம். சூடான சக்கரக் குடத்தைத் தண்ணீரில் இறக்கினால் அது நீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். என் தங்கை மகன், முறிந்து கூடிய அதே கையால், பிக்கப்பின் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்தான். எலுமிச்சம்பழம் வைத்த இடத்தில் அவன் கட்டை வைத்ததைக் கண்டு முதலாளியே சிரித்துவிட்டார். படகு நீரில் மிதந்தது.

அன்பர்களே, உங்களில் பலர் லோரியோ, பிக்கப்போ, டிராக்டரோ ஓட்டிப் பிழைப்பவர்கள். நாளை ஒருவர் வந்து, "இழுக்குமா?" என்று உங்களைக் கேட்பார். இழுக்கும், பெரும்பாலும் எதுவும் இழுக்கும். "நிற்குமா?" என்று அவரைத் திருப்பிக் கேளுங்கள். அதற்கு அவர் விடை சொல்லும்வரை சாவியைத் தொடாதீர்கள்.