முதலில் சக்கரத்தைப் பாருங்கள்

பம்பின் உறை இரும்பில் வருவதற்கு முன்னால் மரத்தில் வருகிறது. மரத்தில் செய்த மாதிரியை மணலில் வைத்து இறுக்கி, நலுங்காமல் உருவி எடுத்தால் மிஞ்சும் பள்ளத்தில்தான் பவுண்டரிக்காரர்கள் இரும்பைக் காய்ச்சி ஊற்றுகிறார்கள். அந்த மர மாதிரிகளைச் செய்யும் பேட்டர்ன் பட்டறைகள் கோவை கணபதிப் பக்கம் சந்துக்குச் சந்து இருந்தன. இப்போதும் சில இருக்கின்றன. வீட்டுப் பின்கட்டில் இருக்கும் என் சிறிய தச்சுப் பட்டறைக்குக் குறைந்த செலவில் ஒரு பேண்ட்சா (வளையப் பட்டை ரம்பம்) வாங்க நினைத்தபோது, இயந்திரக் கடைக்குப் போவதற்கு முன் இவர்களைத் தேடிப் போனேன். நாள் முழுக்க வளைவுகளை அறுத்துப் பிழைக்கிறவர்களை விட்டுவிட்டு வேறு யாரைக் கேட்பது?

நான் போன பட்டறை தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. நடுவில் ஆளுயரத்துக்குப் பச்சை வண்ணம் அடித்த பேண்ட்சா. கம்பெனிப் பெயர் எதுவும் இல்லை. உடம்பு, இரும்புச் சேனலை வெட்டி வெல்டிங் வைத்தது. மேலும் கீழும் இரண்டு வார்ப்பிரும்புச் சக்கரங்கள். “இந்தச் சக்கரத்துக்குப் பேட்டர்ன் செஞ்சதே எங்கப்பாதானுங்க தம்பி. அப்ப மெசின் ஏது? வளைவு ரம்பத்துலயே அறுத்துச் செஞ்சாரு” என்றார் பட்டறை உரிமையாளர். அறுபதைத் தாண்டியவர். பேசும்போதும் கை ஒரு தேக்குத் துண்டின் ஓரத்தை உப்புத்தாளால் தடவிக்கொண்டே இருந்தது.

இத்தகைய பட்டறைகள் பெருகக் காரணம் மின்சாரம். 1932இல் பைக்காரா நீர்மின்நிலைய மின்சாரம் வந்தது. 1937இல் மின்மோட்டார் கோவையிலேயே செய்யப்பட்டது. அதன்பின் பம்பும் மோட்டாரும் பெருகப் பெருக, அவற்றுக்கு வார்ப்பு வேண்டியிருந்தது. வார்ப்புக்கு மாதிரி வேண்டியிருந்தது. ஊரின் பெருமையைப் பேசும்போது மோட்டாரையும் பம்பையும் சொல்கிறோம். அவற்றின் உருவத்தை முதலில் மரத்தில் கண்ட கைகளை யாரும் சொல்வதில்லை. எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது.

வேலையின் நுட்பத்தைப் பட்டறை உரிமையாளர் அறுத்துக் காட்டினார். இரும்பு ஆறும்போது சுருங்கும். மீட்டருக்கு ஏறத்தாழ 10 மில்லிமீட்டர். அதனால் மாதிரியை அந்த அளவுக்குப் பெரிதாகச் செய்யவேண்டும். அதற்கென்றே கோடுகள் சற்றே விலகிப் போட்ட தனி அளவுகோல் வைத்திருக்கிறார். மாதிரியின் பக்கங்கள் நேர்ச்செங்குத்தாக இருந்தால் மணலிலிருந்து உருவும்போது ஓரம் பெயர்ந்துவிடும். எனவே ஒன்று, இரண்டு டிகிரி சரிவு வேண்டும். பேண்ட்சாவின் மேசையை அந்த அளவுக்குச் சாய்த்து, பென்சில் கோட்டை ஒட்டி மரத்தைத் திருப்பித் திருப்பித் தள்ளினார். வளைவு முழுவதும் ஒரே சரிவு இறங்கி வந்தது. அறுத்த முகத்தில் விரலை வைத்துப் பார்த்தேன். இழைப்புளிக்கு மிச்சம் வைத்த வேலை மிகக் கொஞ்சம்.

எதை வாங்கலாம் என்று கேட்டபோது அவர் விலையைப் பேசவில்லை. சக்கரத்தைத்தான் பேசினார். மேசைமேல் வைக்கும் 8, 9 அங்குலச் சக்கர இயந்திரங்கள் மலிவு. பொம்மைக்கும் மெல்லிய பலகைக்கும் போதும். சக்கரம் சிறிதானால் பிளேடு கூடுதலாக வளையும். வளைந்து வளைந்து சீக்கிரம் களைத்து ஒடியும். அரை அங்குல அகல பிளேடை முறுக்கேற்ற அந்த உடம்பு தாங்காது. ஆறு அங்குலக் கட்டையை நிறுத்தி வைத்துப் பலகையாகப் பிளக்க ஆசைப்படுகிறவர் 14 அங்குலச் சக்கரத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. புதிதாக வாங்க முடியாவிட்டால் பழையது தேடலாம். “மோட்டார் மாத்தலாம், பெல்ட் மாத்தலாம், கட்டை மாத்தலாம்ங்க. உடம்பும் சக்கரமும் கோணலா இருந்தா என்னத்த மாத்துவீங்க?” என்றார்.

பழைய இயந்திரத்தைச் சோதிக்கும் முறையைத் தன்னுடையதிலேயே செய்து காட்டினார். முதலில் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு பிளேடைக் கழற்றினார். மேல்சக்கரத்தைக் கையால் சுழற்றிவிட்டார். நின்றதும் சுண்ணக்கட்டியால் அடிப்புறத்தில் ஒரு குறி. மறுபடி சுழற்றல், மறுபடி குறி. குறிகள் வெவ்வேறு இடத்தில் விழுந்தால் சக்கரம் சமநிறை. ஒவ்வொரு முறையும் ஒரே இடம் கீழே வந்து நின்றால் அங்கே கனம் கூடுதல்; அந்த விளிம்பின் உட்புறத்தில் சிறிது துளையிட்டு எடையைக் குறைக்கலாம். அடுத்து சக்கரத்தின் விளிம்பைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினார். ஆட்டம் இருந்தால் பேரிங் போயிருக்கிறது என்று பொருள், அது மாற்றக்கூடியதே. ஆரக்காலில் விரிசல் இருந்தால் மட்டும் பேச்சே இல்லை, அந்த இயந்திரத்தை வாங்கக் கூடாது. கடைசியாக நேரான ஒரு சட்டத்தை இரண்டு சக்கரங்களின் முகத்திலும் சேர்த்து வைத்தார். இரண்டும் ஒரே தளத்தில் இருக்கின்றனவா என்பதை அது காட்டிவிடும்.

மோட்டார் கணக்கு எனக்குப் பிடித்திருந்தது. மரத்துக்கு பிளேடு நிமிடத்துக்கு 3,000 அடி அளவில் ஓடினால் நல்லது. 14 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்கு சுமார் 3.7 அடி பிளேடை நகர்த்தும். ஆக நிமிடத்துக்கு ஏறத்தாழ 820 சுற்று வேண்டும். நம் ஊரில் எளிதாகக் கிடைப்பது 1,440 சுற்று மோட்டார். மோட்டாரில் 4 அங்குலப் புல்லி, சக்கரத்தின் அச்சில் 7 அங்குலப் புல்லி போட்டால் கணக்குச் சரியாக வந்துவிடும். வீட்டு வேலைக்கு ஒரு குதிரைத்திறன் சிங்கிள் பேஸ் மோட்டார் போதும் என்பது அவர் முடிவு.

பிளேடு ஒட்டும் கடை இன்னொரு தெருவில் இருக்கிறது. சுருளாக வரும் பல்பட்டையை அளவுக்கு வெட்டி, இரு முனைகளையும் சேர்த்து வளையமாக்கித் தருகிறார் ஓர் இளைஞர். இங்கிலாந்தில் வில்லியம் நியூபெரி 1809இலேயே பேண்ட்சாவுக்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். ஆனால் ஒட்டு நிற்காததால் அது புழக்கத்துக்கு வரவில்லை. 1846இல் பிரான்ஸைச் சேர்ந்த ஆன் பாலின் க்ரெப்பான் என்ற பெண் முனைகளை இணைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்ற பிறகுதான் வழி திறந்தது. இளைஞர் முனைகளைச் சேர்த்தது நொடி வேலை. அதன்பின் ஒட்டை மங்கிய சிவப்புக்குச் சூடேற்றி மெல்ல ஆறவிட்டார். “உடனே ஆறுனா கண்ணாடி மாதிரி ஆயிருங்கண்ணா. சக்கரத்துல வளைஞ்சதும் பட்டுன்னு போயிரும்” என்றார். பிறகு அரத்தால் ஒட்டின் புடைப்பைத் தேய்த்தார். ஒரு பிளேடின் ஆயுள் அந்தச் சில நிமிடப் பொறுமையில் இருக்கிறது. நீளம் தெரியாமல் வருகிறவர்களுக்கு அவர் சொல்வது: மேல்சக்கரத்தை அதன் ஏற்ற இறக்கத்தின் நடுவில் நிறுத்தி, இரண்டு சக்கரங்களையும் சுற்றி நூல் போட்டு அளந்து வாருங்கள்.

பல் தேர்வில் பலர் பணத்தை வீணாக்குகிறார்கள். எந்நேரமும் மரத்துக்குள் குறைந்தது மூன்று பற்களாவது இருக்கவேண்டும். அரை அங்குலப் பிளைவுட்டுக்கு அங்குலத்துக்கு 6 பல். ஆறு அங்குலக் கட்டையைப் பிளக்க அங்குலத்துக்கு 3 பல் போதும். நெருக்கமான பல்லில் மரத்தூள் வெளியேற இடமின்றி அடைத்து, பிளேடு சூடேறி, அறுப்பு வளைந்துவிடும். அகலத்துக்கும் கணக்கு உண்டு. கால் அங்குல பிளேடு ஏறத்தாழ முக்கால் அங்குல ஆரத்தில் திரும்பும். அரை அங்குல பிளேடுக்கு இரண்டரை அங்குலம் வேண்டும். தேக்கில் சிலிக்கா உண்டு, பல் சீக்கிரம் மழுங்கும். தேக்கே அறுக்கிறவர் மாற்று பிளேடு இல்லாமல் வேலையைத் தொடங்க வேண்டாம்.

மலிவான இயந்திரத்தை மேம்படுத்துவது என்றால் உடனே புது உதிரிப்பாகம் வாங்கத் தேவையில்லை. பேட்டர்ன்காரரின் இயந்திரத்தில் பிளேடை இருபுறமும் தாங்குபவை எண்ணெயில் ஊறிய கருவேலமரத் துண்டுகள். தேய்ந்தால் வேறு துண்டு வெட்டிக்கொள்கிறார். பிளேடுக்கும் துண்டுக்கும் நடுவே ஒரு காகித அளவு இடைவெளி. துண்டின் முன்விளிம்பு பல்லின் பள்ளத்துக்குச் சற்றுப் பின்னால். பின்புறத் தாங்கு பேரிங், அறுக்கும்போது மட்டும் சுழலவேண்டும். சும்மா ஓடும்போது தொடக் கூடாது. சக்கரத்தின் ரப்பர் இறுகிப் பளபளத்திருந்தால் புது ரப்பர் ஒட்டி, சுழலவிட்டு, உப்புத்தாள் கட்டிய கட்டையால் நடுவில் லேசான மேடு வைக்கவேண்டும். அந்த மேடுதான் பிளேடை நழுவாமல் பிடிக்கிறது. சிலர் சைக்கிள் டியூபை வெட்டி மாட்டியும் ஓட்டுகிறார்கள். கீழ்ச்சக்கரத்தை உரசும்படி ஒரு பழைய தூரிகையைப் பொருத்தினால் மரத்தூள் ரப்பரில் அப்பாது. வேலை முடிந்ததும் முறுக்கைத் தளர்த்திவிட வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆகும் செலவு சொற்பம்; அறுப்பில் தெரியும் மாற்றம் பெரிது.

விரல் பற்றி அவர் கண்டிப்பாக இருந்தார். பிளேடின் மேல் தாங்கியை மரத்துக்குக் கால் அங்குலம் மேலே வரை இறக்காமல் அவர் சுவிட்சைப் போடுவதில்லை. உருளைக் கட்டையை வெறுங்கையால் பிடித்து அறுக்க யாரையும் விடுவதில்லை. பிளேடு கட்டையை உருட்டிக் கையை உள்ளே இழுத்துவிடும். அதற்கு ‘வி’ வடிவத் தொட்டில் ஒன்று வைத்திருக்கிறார். இத்தனை ஆண்டு வேலைக்குப் பிறகும் அவருடைய பத்து விரலும் முழுதாக இருக்கின்றன.

இப்போது கணினி இயக்கும் இயந்திரங்கள் அலுமினியத்திலும் பிசினிலும் மாதிரிகளைக் குடைந்து தள்ளுகின்றன. மரத்துக்கு வரும் வேலை குறைந்துவிட்டது. பக்கத்துப் பட்டறை மூடப்பட்டபோது அங்கிருந்த பேண்ட்சா பழைய இரும்பு விலைக்கு எடைபோடப்பட்டுப் போனதாம். அதைச் சொல்லும்போதுதான் அவர் கை உப்புத்தாளை நிறுத்தியது.

வீட்டில் பட்டறை வைக்க நினைக்கிறவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். பளபளக்கும் சிறிய இயந்திரத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன், கணபதியிலோ உங்கள் ஊரின் பவுண்டரிப் பகுதியிலோ மூடப்போகும் பேட்டர்ன் பட்டறை இருக்கிறதா என்று விசாரியுங்கள். உங்கள் மரத்தைக் கொண்டுபோய் அவர்கள் இயந்திரத்தில் அறுத்துப் பாருங்கள். சக்கரம் நன்றாக இருந்தால் இரும்புக்கடைக்காரர் கொடுப்பதைவிடக் கூடுதலாகக் கொடுத்து வாங்குங்கள். அதை ஓட்டியவரையே வீட்டுக்கு அழைத்து நிறுவச் சொல்லுங்கள். அவருடைய அன்றைய கூலியையும் விலையோடு சேர்த்துக் கணக்கிட்டுக் கொடுங்கள்.