அக்குறணையிலிருந்து பேராதனைக்கு ஒரு பாதை

 

கண்டியிலிருந்து மாத்தளை செல்லும் பாதையில், கட்டுகஸ்தோட்டையில் மகாவலி கங்கையைத் தாண்டி மேலும் சில கிலோமீற்றர் வந்தால் அக்குறணை. கண்டி நகரிலிருந்து ஏறத்தாழ பத்துக் கிலோமீற்றர்தான். பாதையின் இருமருங்கும் கடைகள். பக்கத்திலேயே பிங்கா ஓயா. மழை கனத்தால் அது கடைவீதிக்குள்ளேயே வந்துவிடும். இரண்டாம் இராஜசிங்க மன்னன் காலத்தில் வந்த மூன்று அரபிகள் இங்கே பெண் எடுத்துக் குடியமர்ந்தார்கள் என்பது ஊரின் பரம்பரைக் கதை. இன்று இது வியாபாரத்துக்குப் பேர்போன ஊர்.

வியாபாரம் மட்டுமல்ல, வைத்தியமும் கண்டி முஸ்லிம்களின் சொத்தாக இருந்தது. கண்டி அரசர்களின் மருத்துவப் பணியில் முஸ்லிம் வைத்தியர்கள் இருந்ததை, பேராசிரியை லோர்னா தேவராஜா 1994இல் வெளியான தம் நூலில் எடுத்துக்காட்டுகிறார். அந்தச் சொத்தில் நம் பெண்பிள்ளைகளுக்கும் பங்கு வேண்டாமா?

நம் வீடுகளைப் பாருங்கள். பிள்ளைப்பேற்றுக்குப் பின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கும் உம்மாமார் எத்தனை பேர்! தொழுகையில் ருகூஉவுக்குக் குனிய முடியாமல் நாற்காலியைத் தேடும் மூத்தம்மாமார் எத்தனை பேர்! முதுகைத் தொட்டுச் செய்யும் சிகிச்சைக்கு ஆணிடம் போக வெட்கப்பட்டு, வலியை வருடக்கணக்கில் சுமக்கிறார்கள். நிர்ப்பந்தத்தில் ஆண் வைத்தியரிடம் காட்ட மார்க்கம் அனுமதிக்கிறது. வெட்கத்தால் நோயை வளர்ப்பது தகாது. ஆனால் பெண்ணுக்குப் பெண் இருப்பதே சிறந்தது. மருத்துவக் கல்வியை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) பர்ளு கிஃபாயாவில் சேர்த்தார்கள். ஊரில் சிலராவது கற்காவிட்டால் எல்லோர் மீதும் பொறுப்பு.

முதுகெலும்பைக் கையால் அழுத்திச் சீராக்கும் காட்சிகளைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு, “இதைச் சீக்கிரமாகப் படித்து முடிக்க வழியுண்டா?” என்று கேட்கும் பிள்ளைகள் இன்று உண்டு. அந்தத் துறைக்குக் கைரோப்ராக்டிக் என்று பெயர். 1895இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டேனியல் டேவிட் பால்மர் என்பவர் தொடங்கியது. இடுப்பு வலிக்கு அதனால் ஓரளவு நிவாரணம் உண்டு. எல்லா நோயும் தீரும் என்று சொல்வதை நம்பாதீர்கள். பயிற்சியில்லாத கை கழுத்தைத் திருகினால் ஆபத்தும் உண்டு.

அமெரிக்காவில் இதற்கு ஒரு துரித வழி இருக்கிறது. நான்கு வருடப் பட்டத்தின் முதல் மூன்று வருடங்களைப் பல்கலைக்கழகத்தில் முடித்துவிட்டுக் கைரோப்ராக்டிக் கல்லூரிக்குள் நுழையலாம். அங்கே கற்கும் முதல் வருடப் பாடங்களே முதற்பட்டத்தின் நான்காம் வருடமாகக் கணக்கிடப்படும். ஒரு வருடம் மிச்சம். ஆனால் கவனியுங்கள்: அந்த மூன்று வருடத்திலும் விஞ்ஞானப் பாடங்களை விட முடியாது. கல்லூரிக்குள் போனபின் குறைந்தது 4,200 மணிநேரப் படிப்பும் பயிற்சியும் உண்டு. பாதை சுருங்குகிறதே தவிர, படிகள் குறைவதில்லை.

நமக்கு அருகே மலேசியாவின் கோலாலம்பூரில் ஐ.எம்.யூ. பல்கலைக்கழகம் 2010 முதல் இந்தப் பட்டத்தை நடத்துகிறது. அங்கே பிள்ளையை அனுப்ப வசதி எல்லோருக்கும் இல்லை. அப்படியானால் அக்குறணையில் பஸ் ஏறுங்கள். கண்டியில் இறங்கிக் கொழும்புப் பாதையில் இன்னும் ஆறு கிலோமீற்றர் போனால் பேராதனை. மகாவலிக் கரையில், மரநிழலில் விரிந்து கிடக்கும் பல்கலைக்கழகம் அங்கே 1952இல் குடியேறியது. அதன் இணை சுகாதார விஞ்ஞான பீடத்தில் பிசியோதெரபிக்கு நான்கு வருடப் பட்டம் உண்டு. அது கைரோப்ராக்டிக் அல்ல. ஆனால் முதுகு, மூட்டு, தசை வலிக்கு உடற்பயிற்சியாலும் கையாலும் சிகிச்சை செய்யும், அரசாங்க ஆஸ்பத்திரிகள் ஏற்றுக்கொண்ட தொழில். அரசாங்கப் பல்கலைக்கழகம் என்பதால் கட்டணச் சுமையும் இல்லை. நம் பாரம்பரியத்தை விரும்பும் பிள்ளைக்கு, கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கீழ் இராஜகிரியவில் யூனானிப் பட்டம் இருக்கிறது. கையால் பிடித்துவிடும் தல்க் என்ற சிகிச்சை அந்த முறையில் பழமையானது.

தாய்மாரே, தயாரிப்பு எங்கே தொடங்குகிறது? உங்கள் வீட்டில்தான். சாதாரண தரத்தில் விஞ்ஞானமும் கணிதமும் ஆங்கிலமும் உறுதியாக வேண்டும். உயர்தரத்தில் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல். பல்கலைக்கழக அனுமதி இஸட் புள்ளியைக் கொண்டு நடக்கிறது. மாவட்டத்துக்கென்றும் இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. எனவே கண்டி மாவட்டப் பிள்ளை தன் மாவட்டத்தின் கடந்த வருட வெட்டுப்புள்ளிகளைப் பார்த்தே இலக்கு வைக்கட்டும்.

இன்னொன்று. பரீட்சை முடிந்து பல்கலைக்கழகக் கதவு திறக்கும்வரை நீண்ட காத்திருப்பு உண்டு. பல வீடுகளில் பிள்ளையின் படிப்பு நிற்பது அந்த இடைவெளியில்தான். “சும்மாதானே இருக்கிறாள்” என்று கல்யாணப் பேச்சு தொடங்கிவிடும். நிக்காஹ் சுன்னத்து, அதற்கு யாரும் தடையில்லை. ஆனால் படிப்பைத் தொடர்வதற்கான சம்மதத்தை மாப்பிள்ளை வீட்டாரிடம் முதலிலேயே தெளிவாகப் பேசிக்கொள்ளுங்கள். காத்திருக்கும் மாதங்களில் பிள்ளை ஆங்கிலத்தைச் செம்மைப்படுத்தட்டும், முதலுதவி கற்கட்டும், சிங்களம் பேசப் பழகட்டும். நாளை அவளிடம் வரும் நோயாளிகள் எல்லோரும் தமிழ் பேசுபவர்களாக இருக்கமாட்டார்கள்.

சில வாரங்களில் சான்றிதழ் தருவதாக விளம்பரம் வந்தால், மருத்துவப் பேரவையின் பதிவு கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்பவர் நேரும் தீங்குக்குப் பொறுப்பாளி என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை.

மனித உடலில் முந்நூற்று அறுபது மூட்டுகள் இருப்பதையும், ஒவ்வொன்றுக்காகவும் தர்மம் செய்யவேண்டும் என்பதையும் ஹதீஸ் நமக்குச் சொல்கிறது. வலிக்கும் ஒரு மூட்டை இதமாக்கும் கை எத்தனை பெரிய தர்மத்தைச் செய்கிறது! அக்குறணைக்கும் பேராதனைக்கும் இடையே இரண்டு பஸ் பயணம்தான். அந்தத் தூரத்தை நம் பிள்ளைகள் கடக்க அல்லாஹ் துணை செய்வானாக. ஆமீன்.