பேராதனையில் ஒரு வெசாக் மலர்

வைகாசி மாதத்துக் காலைப்பொழுதொன்றில், மகாவலி கங்கை மூன்று புறமும் வளைந்தோடும் பேராதனைப் பூந்தோட்டத்திற்குச் சென்றிருந்தோம். 1821 ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்ற இத்தோட்டத்தின் ஓர்க்கிட் மனையுள் நுழைந்ததும் எம் கால்கள் தாமாகவே நின்றன. மரத்துண்டொன்றைப் பற்றி மெல்லிய தண்டுகள் தொங்க, அவற்றின் நுனியில் இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த மலர்கள் விரிந்திருந்தன. அதுதான் வெசாக் மலர்.

இலங்கையைத் தவிர வேறெங்கும் இயற்கையாய் வளராத செடி இது. தென்மேற்கு மழைக்காடுகளே இதன் பிறந்தகம். வெசாக் காலத்தை ஒட்டிப் பூப்பதால் இப்பெயர் வாய்த்தது. 1855 இல் தாவர நூலார் இதற்குத் தெண்ட்ரோபியம் மக்கார்த்தியே எனப் பெயரிட்டனர். அந்நாளில் குடியேற்றநாட்டுச் செயலாளராயிருந்தவரின் மனைவியாரைச் சிறப்பித்த பெயர் அது.

மலரைக் கண்டு மகிழ்ந்த மனத்திலே ஒரு பழைய உறுத்தலும் எழுந்தது. சில ஆண்டுகளின் முன், இரத்தினபுரி வீதியோரத்திலே இச்செடியொன்றை வாங்கி யாழ்ப்பாணத்திற்குக் கொண்டு சென்றோம். பூச்சாடியிலே செம்மண் நிரப்பி நட்டு, காலையும் மாலையும் நீர் வார்த்தோம். ஒரு மாதத்துள் வேர் அழுகிச் செடி மாண்டது.

அருகில் நின்ற முதிய தோட்டக்காரரிடம் இதனைச் சொன்னோம். அவர் முறுவலித்தார். "ஐயா, அன்பு மிகுந்து கொன்றுவிட்டீர்கள். இதற்கு மண் ஆகாது" என்றார்.

இது புல்லுருவியைப்போல் மரத்தின் சாற்றை உண்பதன்று. மரத்தை இருக்கையாக மட்டுமே கொள்வது. வேரைப் போர்த்திய பஞ்சு போன்ற உறை மழைநீரையும் பனியையும் உறிஞ்சும். நனைந்ததும் வெண்ணிற வேர் பசுமையாகும். மீண்டும் வெளுத்தபின்னரே அடுத்த நீர் வேண்டும். பொச்சுமட்டையிலோ, கரித்துண்டுகளிடையிலோ கட்டி, மர நிழலில் காற்றோட்டமாய்த் தொங்கவிடல் வேண்டும். காலையில் நீர் தெளித்தல் நன்று. இரவில் ஈரம் தங்கினால் அழுகல் நோய் பற்றும்.

"காட்டிலே பிடுங்கியதை இனி வாங்காதீர்கள், ஐயா. இதன் விதை தூசியினும் நுண்ணியது; உரிய பூஞ்சணம் துணை செய்தாலன்றி முளைக்காது. ஒன்று போனால் மற்றொன்று எளிதில் வாராது. உங்கள் ஊர் வெயிலுக்குப் பண்ணையில் வளர்த்த வேறொரு தெண்ட்ரோபியம் போதும்" என்றார் அவர்.

அவர் சொற்படியே செய்தோம். இன்று எம் முற்றத்து மாமரத்தில் சிறு செடியொன்று தொங்குகின்றது. இன்னும் பூக்கவில்லை. நீர் தெளிக்கையில் அதன் வெள்ளை வேர் பச்சையாவதைப் பார்க்க வீட்டுப் பிள்ளைகள் நாடோறும் கூடிவிடுகின்றனர்.