மொட்டை மாடியில் ஒரு பாடம்



தீபத்தன்று நம் வீட்டு மாடியிலிருந்துதானே எல்லோரும் மலையைப் பார்ப்போம்? அதற்குள் மாடி விரிசலை அடைக்க நானே சிமெண்ட் குழைத்துப் பூசினேன். கொத்தனார் கூலி மிச்சம் என்று பெருமை வேறு! ஐப்பசி மழையில் பூச்சு பெயர்ந்து, கூடத்தில் ஒழுகியது.

கொத்தனாருடன் வந்த சித்தாள் அம்மா கேட்டார்: "பழசைக் கொத்திட்டு, தண்ணி ஊத்தி ஊற வெச்சீங்களா சார்? காஞ்ச தளம் கலவையோட ஈரத்தை உறிஞ்சிடும். அப்புறம் எங்க பிடிக்கும்? பூசினப்புறமும் 7 நாள் ஈரம் காயக்கூடாது."

"படிக்காவிட்டால் கல் மண் சுமக்கத்தான் போவாய்" என்று வகுப்பில் எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன்! அதுவும் ஒரு படிப்பு என்று 65 வயதில்தான் புரிகிறது. திட்டு வாங்கியவர்கள் இந்த வாத்தியாரை மன்னியுங்கள். தீபத்துக்கு வாருங்கள், மாடி இப்போது ஒழுகவில்லை.