பூட்டிய வீட்டில் சுற்றிய மீட்டர்

சோழிங்கநல்லூர் சிக்னலிலிருந்து மேடவாக்கம் போகும் சாலையில் நாலைந்து கிலோமீட்டர் வந்தால் பெரும்பாக்கம். காலை ஏழரை மணிக்கு அந்தக் குடியிருப்பின் கேட்டுக்கு வெளியே இரண்டு தண்ணீர் லாரிகள் நின்றிருந்தன. முதல் லாரியின் ஹோஸ் சம்புக்குள் இறங்கியிருந்தது. வால்வு ஓரமாக ஒழுகிய தண்ணீர் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கப் பெட்டிக்கடை வாசல் வரை போய்விட்டது. 12,000 லிட்டர் லோடு 1,300 ரூபாய் என்றார் டிரைவர். லிட்டருக்குச் சுமார் பதினொரு பைசா.

2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததல்லவா? அப்போதிருந்தே இந்தப் பக்கத்து அசோசியேஷன் கூட்டங்களில் வீட்டுக்கு வீடு மீட்டர் போடும் பேச்சு அடிபடுகிறது. இங்கே 96 வீடுகளுக்கும் போன வருஷக் கடைசியில் பொருத்திவிட்டார்கள். அதற்கு முன்னால் சதுர அடிக் கணக்கில் பங்கு. “லாரிச் செலவு பாதியாகிடுச்சு சார்” என்றார் செயலாளர். கேட்க நன்றாகத்தான் இருந்தது. இருந்தாலும் செக்யூரிட்டி மேசையில் கிடந்த லோடு நோட்டைப் புரட்டிப் பார்க்கலாமா என்று கேட்டேன்.

டீக்கறை படிந்த நீள நோட்டு. லாரி எண், நேரம், கையெழுத்து. போன வருஷம் மே மாதம் 214 லோடு. இந்த வருஷம் மே 158. பாதி இல்லை, கால்வாசிதான் குறைந்திருக்கிறது. ஆனாலும் 56 லோடு என்றால் 72,800 ரூபாய். வீட்டுக்கு எழுநூற்றைம்பது சொச்சம். மாதாமாதம் வந்தால் வேண்டாம் என்று யார் சொல்வார்கள்?

செலவுப் பக்கத்தையும் பார்க்க வேண்டுமே. பிளம்பர் மூன்றாவது மாடிக்குக் கூட்டிப்போய் ஷாஃப்ட் கதவைத் திறந்தார். ஈர வாடையும் சோப்பு வாடையும் முகத்தில் அடித்தன. டார்ச் வெளிச்சத்தில் ஒரே வீட்டுக்கு நான்கு மீட்டர்கள் தெரிந்தன. இரண்டு குளியலறை, ஒரு சமையலறை, ஒன்று வாஷிங் மெஷின் இருக்கும் இடத்துக்கு. நம் ஊர் அடுக்ககங்களில் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குழாய் இறங்குகிறது. அதனால் ஒரு வீட்டுக்கு ஒரு மீட்டர் என்ற கணக்கு இங்கே செல்லாது. ஒரு மீட்டர் பொருத்துகூலியோடு 2,200 ரூபாய், நான்குக்கு 8,800. மிச்சமாவதை வைத்துப் பார்த்தால், போட்ட காசு திரும்பக் கிட்டத்தட்ட ஒரு வருஷம்.

அந்த நான்கில் ஒன்றின் முகப்பில் சின்ன நட்சத்திரச் சக்கரம் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. “வீட்ல யாருண்ணே?” என்றேன். “யாரும் இல்ல சார். ரெண்டு பேரும் ஆபீஸ் போயிட்டாங்க. பூட்டியிருக்கு.” செல்போனில் நேரம் வைத்துப் பார்த்தோம். ஐந்து நிமிஷத்தில் இரண்டு லிட்டர். அப்படியே விட்டால் ஒரு நாளைக்கு 576 லிட்டர், மாதம் பதினேழாயிரம். இந்தக் குடியிருப்பு ஆயிரம் லிட்டருக்கு 110 ரூபாய் வாங்குகிறது. ஆக, ஆளில்லாத வீட்டில் 1,800 ரூபாய்க்கு மேல் டாய்லெட்டில் போகிறது. “ஃப்ளஷ் வாஷர் போயிருக்கும்” என்றார் சாதாரணமாக. கீழே பம்ப் ரூமில் அவர் கழற்றிப் போட்ட பழைய ஃப்ளஷ் வால்வுகள் ஒரு பெயிண்ட் டப்பா நிறையக் கிடந்தன. கால்வாசி லோடு எங்கே குறைந்தது என்பதற்கு எனக்கு அந்த டப்பாவே போதும். எல்லோரும் சிக்கனமாகிவிட்டார்கள் என்றும் செயலாளர் சொல்லியிருந்தார்; அதை அவ்வளவாக நம்பவில்லை.

எல்லா ஒழுக்கையும் மீட்டர் பிடித்துவிடும் என்றும் சொல்ல முடியாது. அடுத்த வீட்டுச் சமையலறைக் குழாய் சொட்டுச் சொட்டாக வடிந்துகொண்டிருந்தது. அதன் மீட்டரைப் பார்த்தால் சக்கரம் அசையவே இல்லை. மெல்லிய ஒழுக்கு இந்த வகை மீட்டரைத் தள்ளாதாம். அந்தத் தண்ணீருக்கு எல்லோரும் சேர்ந்துதான் அழ வேண்டும்.

பில்களையும் கேட்டு வாங்கிப் பார்த்தேன். இரண்டுமே ஒரே அளவு வீடுகள்; முன்பு தண்ணீர்ப் பங்கு தலா 2,900 ரூபாய். தரைத்தளத்தில் ஓய்வுபெற்ற தம்பதி. மே மாதம் 8,000 லிட்டர், 880 ரூபாய். “பாத்துப் பாத்துச் செலவு பண்றீங்களாம்மா?” என்றேன். “அதெல்லாம் இல்லப்பா, எப்பவும் போலத்தான்” என்று சிரித்தார். ஐந்தாவது மாடியில் பெரியவர்களும் பிள்ளைகளுமாக ஆறு பேர். 31,000 லிட்டர், 3,410 ரூபாய். “ஆளு அதிகம், நாங்க என்ன பண்றது?” என்றார் அந்த வீட்டு அம்மா. தலைக்கு 167 லிட்டர் வருகிறது. நகரங்களுக்கு அரசு வைத்திருக்கும் 135 லிட்டரைவிடக் கூடுதல்தான், ஆனால் ஊதாரித்தனம் என்று சொல்ல மாட்டேன். இத்தனை நாள் கீழ்வீட்டுத் தம்பதி இவர்களுக்கும் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். மோட்டார் கரண்டும் சாஃப்ட்னர் உப்பும் இன்னும் சதுர அடிக் கணக்கில்தான். அதில் யாருக்கும் ஒரு பைசா குறையவில்லை.

திரும்பும் வழியில் மேற்கு மாம்பலத்தில் எட்டு வீட்டுப் பழைய அடுக்ககம் ஒன்றில் விசாரித்தேன். மெட்ரோ வாட்டர் சம்புக்கு வருகிறது. எவ்வளவு பிடித்தாலும் வீட்டுக்கு ஒரே நிலையான கட்டணம். லாரி எப்போதாவது கோடையில் மட்டும். அங்கே மீட்டர் வைத்தால் வைத்த காசு போனதுதான்.

மாதாமாதம் லாரிக்கு அழுகிற குடியிருப்பா, மீட்டர் போடுங்கள். சின்னக் குடும்பத்துக்கு லாபம் நிச்சயம், பெரிய குடும்பம் கொஞ்சம் முணுமுணுக்கும். அதற்கு முன்னால் இன்று இரவே ஃப்ளஷ் டேங்கில் கொஞ்சம் பீட்ரூட் சாறு ஊற்றி, அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்யாமல் விட்டுப் பாருங்கள். கீழே கோப்பையில் சிவப்பு தெரிந்தால் காலையில் பிளம்பரைக் கூப்பிட்டு வாஷரை மாற்றுங்கள்.