கட்டை விரல் 30

கி.பி. 600 வாக்கில் கென்ட் மன்னன் எதெல்பெர்ட் எழுதிவைத்த சட்டம். ஆங்கிலோ-சாக்சன் சட்டங்களில் மிகப் பழையது. நிறைய உடம்புக் கணக்கு.

கட்டை விரல் போனால் 20 ஷில்லிங். அதன் நகம் 3. ஆள்காட்டி 9. நடுவிரல் 4. மோதிர விரல் 6. சுண்டு விரல் 11.

சுண்டு விரலுக்கு ஏன் அத்தனை?

கண் 50. சாதாரண ஆளின் உயிர் 100.

காசை வாங்கிக்கொண்டால் பழிக்குப் பழி கிடையாது.


திருவொற்றியூர்ப் பட்டறைப் பக்கம் கை குலுக்கினால் சில நேரம் விரல் குறையும். "பிரஸ்ல போச்சு." அவ்வளவுதான் பேச்சு.


1923-ம் வருஷத்துத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், முதல் அட்டவணை: சம்பாதிக்கும் திறனில் எவ்வளவு போச்சு என்ற கணக்கு.

கட்டை விரல் 30 சதவீதம். ஆள்காட்டி 14. நடுவிரல் 12. மோதிர விரலோ சுண்டு விரலோ, 7.

எலும்பு போகாமல் ஆள்காட்டி நுனி மட்டும் வெட்டுப்பட்டால் 5.

வயசையும் சம்பளத்தையும் வைத்துப் பெருக்கினார்கள்.

ஒரு கண் போய் மறு கண் நன்றாயிருந்தால் 40.


நாயன்மார் சுந்தரர், மணக்கப்போகும் சங்கிலியாரிடம் 'பிரியேன்' என்று சத்தியம் செய்தது இதே திருவொற்றியூரில். அதற்கு முன்னால் சிவனிடம் ரகசிய ஏற்பாடு: அந்த நேரம் மட்டும் சன்னதியை விட்டு மகிழ மரத்தடிக்குப் போய்விடு.

சிவன் சரி என்றார். சங்கிலியாரிடமும் போய்ச் சொல்லிவிட்டார், மரத்தடியில் சத்தியம் கேள் என்று.

சத்தியத்தை மீறி ஊர் எல்லை தாண்டியதும் சுந்தரருக்கு இரண்டு கண்ணும் போயின.

திரும்பி வந்தது தவணையில். வெண்பாக்கத்தில் ஓர் ஊன்றுகோல். காஞ்சியில் இடது கண். திருவாரூரில் வலது.

வெண்பாக்கம் இப்போது பூண்டி ஏரிக்கு அடியில்.

மாசித் திருவிழாவில் மகிழடி சேவை இன்றும் உண்டு. கூட்டம் நெரியும்.


சாக்சன் ஊர்களிலும் வழக்கைத் தீர்த்தது சத்தியம்தான். பிரபு ஒருவன் சத்தியம், குடியானவர் ஆறு பேர் சத்தியத்துக்குச் சமம்.


திருவொற்றியூர்க் கோயில் கல்வெட்டுகளில் ஆடுகள். ஒரு நந்தா விளக்கு அணையாமல் எரிய 90.

சாவா மூவாப் பேராடு. ஆடு சாகும், கிழடாகும். கணக்கில் குறையாது.

சோழர் காலத்தில், வேட்டையில் அம்பு தவறி ஆள் செத்தால் கோயிலுக்கு விளக்கு வை என்று தீர்ப்பு. வேறு ஊர்க் கல்வெட்டுகளில் இருக்கிறது.

விளக்கு கோயிலுக்கு. செத்தவன் வீட்டுக்கு?


மீனவர் குப்பங்களில் ஊர்ப் பஞ்சாயத்து. தண்டம் கட்டாதவன் கடலுக்குப் போக முடியாது.


2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். வெள்ளத்தோடு பக்கத்து எண்ணூர்க் கழிமுகத்துக்குள் எண்ணெய். அரசு அறிவித்த நிவாரணம்: பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய், படகுக்கு 10,000.

அந்தக் கழிமுகத்தில் சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்கள் உண்டு. படகு கிடையாது. வலையும் கிடையாது. பத்து விரல்தான்.