திடலின் பெயர்

கோயில் என்று ஒன்று இருந்தால் அதில் குழல்விளக்கு ஒன்று இருக்கும். குழல்விளக்கு இருந்தால் அதன்மேல் 'உபயம்' என்று தொடங்கி ஒரு பெயர் இருக்கும். பெயர் நீளுமளவுக்கு வெளிச்சம் குறையும். இதனை எள்ளி நகையாடாத தமிழ் எழுத்தாளர் அரியர். நம் ஆலயங்களும் இதற்கு விலக்கல்ல. சிலுவைப்பாதைப் படங்களின் அடியில், இருக்கைகளின் முதுகில், மணிக்கூண்டின் முதற்படியில், மின்விசிறியின் இறக்கையில் எனப் பெயர்கள் பல. விசிறியின் இறக்கையில் பெயர் எழுதச் சொன்னவரின் உள்ளம் நமக்கு இன்றும் விளங்கவில்லை. மின்தடையின்போது மட்டுமே அதனை வாசிக்க இயலும்.

எனினும் உபயத்தை நாம் இகழ்வதில்லை. கொடுப்பவர் முதலில் கொடுக்கிறார். பெயர் பின்னரே வருகிறது. அது நன்றியின் அடையாளம். அதற்குத் தவணை இல்லை, கெடு இல்லை, புதுப்பித்தல் இல்லை. விசிறி கொடுத்தவரின் பெயர் விசிறியோடு நின்றுவிடுகிறது; ஆலயத்தின் பெயரைத் தொடுவதில்லை. தம் கடையின் பெயரால் பத்தாண்டுக் காலம் அந்தோணியார் ஆலயத்தை அழைக்க வேண்டும் என்று எந்தக் கொடையாளரும் இதுவரை நம்மிடம் கேட்டதில்லை.

விளையாட்டரங்குகளில் இன்று நடப்பது அதுதான். ஆண்டுக்கு இவ்வளவு, இத்தனை ஆண்டுக்கு என்று ஒப்பந்தம் எழுதுகிறார்கள். அக்காலம் முழுவதும் அரங்கம் ஒரு வணிக நிறுவனத்தின் பெயரால் அழைக்கப்பட வேண்டும். சுவரில் விளம்பரப் பலகை மாட்டுவதைவிட இதற்கு விலை மிகுதி. காரணம் எளிது. பலகையைப் பார்ப்பவர் பார்க்கலாம், பாராதவர் விடலாம். அரங்கின் பெயரையோ வர்ணனையாளர் சொல்லியாக வேண்டும். நாளிதழ் அச்சிட்டாக வேண்டும். 'எங்கே போகிறோம், அப்பா?' என்று மகன் கேட்டால் தந்தை அதனை உச்சரித்தாக வேண்டும். விலைபோவது மக்களின் நாக்கு. அந்நாக்குக்கு உரியவர்களுக்கு இதில் ஒரு காசும் கிடைப்பதில்லை.

நமக்கு அருகிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. புதுச்சேரி 2018-19 பருவத்தில் முதன்முறையாக ரஞ்சிக் கோப்பையில் ஆடியது. அப்பந்தயங்கள் நடைபெறும் துத்திப்பட்டுத் திடல், மின்வடம் செய்யும் சீகெம் நிறுவனத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ரெட்டியார்பாளையத்து இளைஞர்கள் இருசக்கர வண்டிகளில் சென்று ஆட்டம் பார்த்து வருகிறார்கள். புதிய திடல்; பழம்பெயர் ஒன்றைப் பறிகொடுத்ததாக அங்கே எவரும் வருந்தக் கேட்டதில்லை. ஆகவே அதில் நமக்கு வழக்கும் இல்லை. கட்டுகிறவர் புதிதாய்க் கட்டும் வீட்டுக்குத் தாம் விரும்பிய பெயரை வைக்கட்டும்.

பழைய திடலின் செய்தி வேறு. சேப்பாக்கத்தை எடுத்துக்கொள்வோம். ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் 1934 நவம்பர் 4 அன்று அங்கேதான் நடந்தது. சென்னை அணி மைசூரை ஒரே நாளில் வென்றது. 1952 பிப்ரவரியில் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியை இங்கிலாந்துக்கு எதிராக அங்கேதான் பெற்றது; வினு மன்கட் இரு இன்னிங்ஸ்களிலும் சேர்த்து 12 விக்கெட்டுகளை வீழ்த்தினார். 1986இல் ஆஸ்திரேலியாவுடனான டெஸ்ட் சமனில் முடிந்ததும் அங்கேதான். இத்தனையும் தாங்கிய அத்திடலின் முறையான பெயர் எம்.ஏ.சிதம்பரம் விளையாட்டரங்கம். அவர் பெருந்தொழிலதிபர், 1960 முதல் 1963 வரை இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் தலைவர். பெயர் அவருடைய பணிக்குக் கிடைத்த மரியாதை. அவருடைய ஆலைகளின் சரக்குக்கு விளம்பரமாக வைத்ததன்று. அவ்வாறிருந்தும் பேருந்தில் ஏறுகிறவர் நடத்துநரிடம் 'சேப்பாக்கம் ஒண்ணு' என்றுதான் கேட்கிறார். உரோமை நகரின் பேரரங்கைப் பேரரசர் வெஸ்பாசியன் தொடங்கித் தீத்து கி.பி. 80இல் திறந்துவைத்தார். அது அவர்களுடைய ஃபிளேவிய குலத்தின் பெயருக்கு உரியது. ஆயினும் உலகம் அதனைக் கொலோசியம் என்றே அறிகிறது.

அப்படியானால் அஞ்சுவதற்கு என்ன இருக்கிறது, மக்கள் பழைய பெயரைத்தானே சொல்லப்போகிறார்கள் என்று கேட்கலாம். புதுவைவாசிகளாகிய நாம் அவ்வாறு கேட்கலாகாது. இன்றைய நேரு வீதி ஒரு காலத்தில் துய்ப்ளேக்ஸ் வீதி. அப்பெயரைச் சொல்லி வழி கேட்கும் முதியவர் ஒருவரை இன்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். நாக்கு பிடிவாதமானது, ஆனால் அதன் ஆயுள் ஒரு தலைமுறைதான். இருபது ஆண்டு ஒப்பந்தம் என்றால், அந்த ஒப்பந்த நாளில் பிறந்த குழந்தை வேறு பெயரை அறியாமலே வளர்ந்து ஆளாகிவிடும். வாங்குகிறவர் இதனை நன்கு கணக்கிட்டே வாங்குகிறார்.

பெயரை விலைபேசுவது நம் காலத்துப் பழக்கம் என்று எண்ணுவதும் சரியன்று. பம்பாயின் பிரபோர்ன் அரங்கைப் பற்றிக் கிரிக்கெட் உலகில் நெடுங்காலமாக வழங்கும் கதை ஒன்று உண்டு. இந்தியக் கிரிக்கெட் கிளப்புக்குக் கடலைத் தூர்த்து எடுத்த நிலத்தில் இடம் வேண்டியிருந்தது. அன்றைய பம்பாய் ஆளுநர் பிரபோர்ன் பிரபு. கிரிக்கெட் நிர்வாகி அந்தோணி டி மெல்லோ அவரிடம் சென்று, தம் அரசுக்குப் பணம் வேண்டுமா, தமக்கு அழியாப் புகழ் வேண்டுமா என்று வினவினாராம். ஆளுநர் இரண்டாவதைத் தேர்ந்தார். நிலம் மலிவாய்க் கிடைத்தது. 1936இல் அடிக்கல், 1937இல் திறப்பு. எத்துணை அழகான பேரம்! பொதுநிலத்தின் விலையைக் குறைத்துத் தமக்கு அழியாமை வாங்கிக்கொண்டவர், அரங்கம் திறந்த பின் இரண்டாண்டுகூட உயிரோடிருக்கவில்லை. 1939 பிப்ரவரியில் கல்கத்தாவில் மரித்தார். நுழைவுச்சீட்டுப் பங்கீடு பற்றிய பிணக்கில் பம்பாய்க் கிரிக்கெட் சங்கத்தார் தமக்கெனத் தனி அரங்கம் எழுப்பினர். 1975 முதல் பெரிய பந்தயங்கள் அங்கே சென்றுவிட்டன. அதற்கும் ஓர் அரசியல்வாதியின் பெயர்: வான்கடே. நிறுவனங்களை மட்டும் குறைகூறி ஆட்சியாளர்களை விட்டுவிடுவது நேர்மையாகாது. ஆமதாபாத்தின் மோட்டேரா அரங்கம் 2021 பிப்ரவரியில் பதவியிலிருக்கும் பிரதமரின் பெயரைப் பெற்றது. பந்து வீசும் இரு முனைகளுக்கும் இரு பெருநிறுவனங்களின் பெயர்கள் அமைந்தன. அரசும் வணிகமும் ஒரே ஆடுகளத்தை இவ்வளவு வெளிப்படையாய்ப் பங்கிட்டுக்கொண்ட காட்சி அரிது.

பணத்துக்காகப் பெயரை விற்றோரின் அனுபவம் எப்படி? புனே நகருக்கு வெளியே கஹுஞ்சேயில் மகாராஷ்டிரக் கிரிக்கெட் சங்கம் புதிய அரங்கம் கட்டியது. 200 கோடி ரூபாய்க்கு மேல் தருவதாக ஒப்புக்கொண்ட சகாரா குழுமத்தின் தலைவர் பெயர் 2013இல் அதற்குச் சூட்டப்பட்டது. பேசிய தொகை முழுவதும் வந்து சேரவில்லை, பெயர் இறங்கியது, இன்று சங்கத்தின் பெயரே நிலைத்திருக்கிறது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 2000இல் திறந்த பேஸ்பால் அரங்குக்கு என்ரான் பெயர் வைத்தார்கள். அந்நிறுவனம் 2001 இறுதியில் திவாலாகவே, ஊழலின் மறுபெயராகிவிட்ட அப்பெயரை நீக்கும் உரிமையை 21 இலட்சம் டாலர் கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள். விற்ற பொருளை விலைகொடுத்து மீட்பது நம்மூர் அடகுக்கடையில் காணும் காட்சியே.

இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்துக் கதையைத்தான் நாம் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. அங்கே நூற்றாண்டுக்கு மேலாகக் கால்பந்து ஆடப்படும் திடலுக்குத் திருத்தூதர் யாகப்பரின் பெயர்: செயிண்ட் ஜேம்ஸ் பார்க். 2011 நவம்பரில் அணியின் உரிமையாளர் தம் கடைகளின் பெயரை அதற்குச் சூட்டினார். வாங்குவோர் வரும்வரை ஒரு மாதிரிக்காகவாம். ஊர் கொதித்தது. மறு ஆண்டு அக்டோபரில் வோங்கா என்னும் நிறுவனம் உரிமையை வாங்கியது. வாங்கியவுடன் யாகப்பரின் பெயரையே திருப்பிக் கொடுத்தது. அந்தப் பெருந்தன்மைக்கு நாம் கைதட்டலாம். ஆனால் வோங்கா யார்? ஏழைத் தொழிலாளர்களுக்குச் சம்பள நாள்வரை கடன் கொடுத்துக் கடும்வட்டி வாங்குவதாகப் பழிக்கப்பட்ட நிறுவனம். 2018இல் அது நொடித்துப்போனது. யாகப்பரின் பெயரை மீட்ட பணம் வட்டிப் பணம். இன்னும் ஒரு வேடிக்கை. 2013இல் கான்டர்பரி ஆங்கிலிக்கன் பேராயர் அந்நிறுவனத்தைப் போட்டியிட்டே ஒழிப்பதாக அறிவித்தார். அவருடைய சபையின் நிதியே சுற்றுவழியில் அதில் முதலீடு செய்யப்பட்டிருந்தது மறுநாளே வெளியாயிற்று. பிறர் சபை என்று நாம் சிரித்துவிட வேண்டியதில்லை. நம் பங்குகளின் வைப்புநிதி எங்கெங்கே சென்று வட்டி ஈட்டுகிறது என்பதை யார் பார்த்தோம்?

குருமடத்தில் திருச்சபைச் சட்டம் பயின்றபோது 1218ஆம் எண்ணை நாம் விரைவாகப் புரட்டிச் சென்றோம். ஒவ்வோர் ஆலயத்துக்கும் தனிப்பெயர் இருக்க வேண்டும். நேர்ந்தளிப்புக்குப் பின் அதனை மாற்ற இயலாது என்பது அதன் கருத்து. அன்று அது வெறும் நிர்வாக ஒழுங்காகத் தோன்றிற்று. பல பங்குகளில் பணியாற்றிய பின் அதன் நுட்பம் விளங்குகிறது. ஆயர் மாறுவார், பங்குத்தந்தை மாறுவார், கட்டடமே இடிந்து புதிதாய் எழும். வருகிற ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த புனிதரின் பெயரைச் சூட்டத் தொடங்கினால், தாத்தா திருமுழுக்குப் பெற்ற ஆலயத்தைப் பேரன் எப்படித் தேடுவான்? விளையாட்டுத் திடல் திருநிலமன்று. அதனை ஆலயத்தோடு ஒப்பிட நாம் துணியவில்லை. ஆனால் பொறுப்பிலிருப்போர் உரிமையாளர் அல்லர் என்னும் விதி இரண்டுக்கும் பொதுவாகப் படுகிறது. சான் பிரான்சிஸ்கோ நகரம் தன் கேண்டில்ஸ்டிக் பார்க் திடலின் பெயரை 1995இல் விற்றது. 2004இல் வாக்காளர்கள் வாக்களித்து, அப்போதைய ஒப்பந்தம் முடிந்ததும் பழைய பெயரே திரும்ப வேண்டும் என்று தீர்த்தார்கள், 2008இல் திரும்பியது. மக்களைக் கேட்டால் எப்போதும் மறுப்பார்கள் என்றும் எண்ண வேண்டாம். பார்சிலோனா அணியின் உறுப்பினர் பேரவை 2022 ஏப்ரலில் பெரும்பான்மை வாக்கால் ஸ்பாட்டிஃபை நிறுவனத்துக்கு இசைந்தது. கடன் கழுத்தை நெரித்தது. கேட்டுத்தான் விற்றார்கள் என்பதே நமக்குப் போதும்.

இவற்றையெல்லாம் இத்துணை தேடிப் படிக்க நமக்கு ஒரு தேவை ஏற்பட்டது. நம் ஆலயத்தை ஒட்டியுள்ள நிலத்தை ஊரார் 'சாமியார் திடல்' என்பார்கள். எந்தச் சாமியார் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. நாமில்லை என்பது மட்டும் உறுதி. மாலையில் எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் அங்கே ஆடுவார்கள். ஐப்பசி பிறந்தால் முழங்காலளவு நீர் தேங்கும். தை வரையில் ஆட்டமில்லை. பெண்பிள்ளைகள் கால்பந்து அணி ஒன்று அமைத்திருக்கிறார்கள். உடை மாற்ற ஓர் அறையில்லை. மண் கொட்டி மேடாக்கவும், வடிகால் வெட்டவும், அறை கட்டவும் ஆகும் செலவு நம் பங்கின் ஓராண்டு வருவாயை மிஞ்சும். இந்நிலையில் வீட்டுமனை விற்கும் நிறுவனம் ஒன்று முழுச்செலவையும் ஏற்பதாக எழுதியது. கைம்மாறாகப் பத்தாண்டுக்கு வாயிலில் வளைவும், திடலுக்கு அவர்கள் பெயரும்.

பங்குப்பேரவையில் முதியோர் பலரும் கூடாதென்றனர். ஓரத்தில் நின்றிருந்த பெண்கள் அணியின் தலைவி, "பேருதானே ஃபாதர், வெச்சுக்கிட்டுப் போகட்டும். பெரியவங்களுக்குப் பேரு வேணும், எங்களுக்குக் கதவு வெச்ச ரூம் வேணும்" என்றாள். மேலே நாம் எழுதியவற்றுள் எதுவும் அச்சிறுமிக்கு விடையாகாது. பெயரைக் காப்போம் என்கிறவர்கள் அந்தக் கதவுக்கான பணத்தையும் தாமே காண வேண்டும் என்று பேரவையில் சொன்னோம்; சிலருக்கு அது சுவைக்கவில்லை.

நிறுவனத்துக்கு நாம் எழுதிய மறுமொழி இதுதான்: உடைமாற்றும் அறையை அவர்கள் கட்டித் தரலாம், அதன் சுவரில் கல்வெட்டாக அவர்கள் பெயர் எந்நாளும் இருக்கும், கிழக்குச் சுவரில் ஐந்தாண்டுக்கு விளம்பரமும் எழுதிக்கொள்ளலாம், திடல் சாமியார் திடலாகவே இருக்கும். அவர்களிடமிருந்து இன்னும் பதில் இல்லை. மண் கொட்டுவதற்காக வீட்டுக்கு வீடு செல்லும் நன்கொடைப் புத்தகங்கள் சென்ற வாரம் அச்சாகி வந்தன. கூடாதென்று உரக்கச் சொன்ன நால்வரிடம் முதல் நான்கு புத்தகங்களை ஒப்படைத்திருக்கிறோம்.